கெரிஸுக்குப் பொட்டு வைத்தோம்

என் கணவர் ஆயுத பூஜைக்கு எதையும் விட்டுவைக்க மாட்டார். லாரி, லாரிச் சாவி, ஸ்பேனர், செம்பனைக் குலை வெட்டுகிற அரிவாள், அடுப்படிக் கத்தி, மகளின் மடிக்கணினி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. ஒரு வருஷம் நான் இரத்த அழுத்தம் பார்க்கிற கருவிக்கும் சந்தனம் வைத்துவிட்டார். "இதுவும் ஆயுதந்தான் லா, இத காட்டித்தான நீ என்னைய மெரட்டுற" என்றார். நான் மலாக்காவில் தெங்கேராவில் பிறந்த கிறிஸ்துவப் பெண். அவர் செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த இந்து. காதல் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேவாலய வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் தேத்தண்ணி குடித்தபடி காத்திருப்பார். அவர் பூஜை போட்டால் நான் சுண்டல் அவிப்பேன். சாமியை வைத்து எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. சண்டைக்கு வேறு விஷயங்கள் தாராளமாக இருந்தன.

அப்போது நாங்கள் அலோர் காஜாவில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தோம். நான் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கு ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அவர் தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போவார். ஒரே மகள், அந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதவிருந்தாள். செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்தில் கிழட்டு மரங்களைச் சாய்த்து மறுநடவு நடந்துகொண்டிருந்தது. சாய்ந்த மரம் ஒன்றின் வேர்க்கட்டிக்குள் ஏதோ துருத்திக்கொண்டிருந்ததாம். இவர் லாரியை ஓரங்கட்டி இறங்கிப்போய் அதை இழுத்து எடுத்திருக்கிறார். பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் பழைய துணியில் சுற்றிக்கொண்டு வந்து அடுப்படி மேசையில் வைத்தார்.

அது ஒரு கெரிஸ். மலாய்க்காரர்களின் குத்துவாள், பாம்பு ஊர்கிற மாதிரி வளைந்து வளைந்து போகும். இதற்கு உறை இல்லை. கைப்பிடி பாதி உளுத்திருந்தது. இரும்பு கறுத்துத் துருவேறிக் கிடந்தது. "குப்பையில போடுங்க" என்றேன். "இந்த மாதிரி சாமான் யாரு கையிலயும் லேசுல கெடைக்காது" என்றார் அவர். பழைய இரும்பைக் கண்டால் அவருக்கு வாயில் தண்ணீர் ஊறும். எனக்குச் சேலை எப்படியோ அவருக்கு இரும்பு அப்படி.

மறுநாள் பூஜையில் அதையும் வைத்தார். வைக்கிறவர் சும்மா வைக்கவில்லை. துருவை எடுக்க எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, அலகு முழுக்கத் தேய்த்துக் கழுவினார். லாரிக்காரர்களுக்கு அது பழக்கம். பிறகு சந்தனம், குங்குமம், ஒரு துண்டுச் சரம். சாம்பிராணிப் புகையை நடுவீட்டுப் பலகையில் இருந்த எல்லாச் சாமான்களுக்கும் காட்டியபோது அதற்கும் காட்டினார். துரு போன இடத்தில் இரும்பு மீன்செதில் மாதிரி வரி வரியாகத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மலாய்ப் பெரியவர். அரசாங்கக் காடி ஓட்டி ஓய்வுபெற்றவர். அவரை நாங்கள் மாமா என்கிற மாதிரி பாக்சிக் என்று கூப்பிடுவோம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சுண்டல் சாப்பிட வருவார். நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்குக் கோழி ரெண்டாங் வரும். அன்றைக்கும் சிரித்துக்கொண்டே வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "இதை யார் எலுமிச்சை தேய்த்துக் குளிப்பாட்டியது?" என்று மலாயில் கேட்டார். என் கணவர் பெருமையாகக் கையைத் தூக்கினார்.

பாக்சிக் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு கெரிஸை ஒருவர் ஏற்றுக்கொள்வதென்றால் இதையேதான் செய்வார்களாம். எலுமிச்சையில் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டுவது. அப்படிச் செய்த கைக்கு அது சொந்தமாகிவிடும். அப்புறம் வாராவாரம், வெள்ளிக்கு முந்தின மாலையில், அந்தக் கையே அதைக் கவனிக்க வேண்டும். விற்கக்கூடாது. தூக்கி எறிந்தால், அது கடைசியாக ருசி பார்த்த இரத்தத்தைத் தேடிப் போகும். "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நம்பினால் பாவம் என்று பள்ளிவாசல் உஸ்தாஸ் சொல்லியிருக்கிறார்" என்றார். "ஆனால் என் தாத்தாவிடம் ஒன்று இருந்தது. அதைக் கடலில் விட, விஷயம் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்தோம். அந்த ஆளும் இப்போது இல்லை." சுண்டலைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, இவர் மேல். உலகத்தில் வேறு எந்த ஜாதி ஜனமாவது இந்தக் காரியத்தைச் செய்யுமா? கண்ட இடத்தில் கிடந்த ஆயுதத்தை எடுத்துவந்து, குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பூப்போட்டு, உள்ளே வா என்று கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறோம். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான். "பாக்சிக் சும்மா பயங்காட்டுறாரு லா" என்று இவர் சிரித்தார். நானும் கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டேன். எனக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. கிளினிக்கில் வேலை பார்க்கிறவளுக்கு எதற்கும் ஒரு மாத்திரை உண்டு என்கிற திமிர் இருக்கும்.

அந்த வாரக் கடைசியில் மகள் அந்தக் கெரிஸைக் கையில் பிடித்துப் படமெடுத்து இன்ஸ்தாகிராமில் போட்டாள். எடுக்கும்போது சுண்டுவிரலில் கீறிவிட்டது. ஒரு பொட்டு இரத்தம்தான். நான் மருந்து வைத்துக் கட்டினேன், தடுப்பூசியும் போட்டாயிற்று. சில நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்றால் சாதாரணக் காய்ச்சல் இல்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதாள். மலாக்கா ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தோம். டெங்கி என்றார்கள். அந்த மாதம் எங்கள் தாமானில் கொசுவுக்குப் புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவிலேயே இன்னும் சிலர் படுத்திருந்தார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

இவருக்குத்தான் முகம் செத்துவிட்டது. ஆஸ்பத்திரி நடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அது ருசி பாத்துருச்சு" என்றார்.

"கொசு ருசி பாத்துருச்சு. சும்மா இருங்க" என்றேன்.

மகளின் இரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதைக் கேட்டுவிட்டு இவர் எழுந்து போனவர், வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார். உடம்பிலிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. மறுநாள் காலையில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. டெங்கியில் அந்தக் கட்டம் தாண்டினால் ஏறத்தான் செய்யும்; அதைச் சொல்கிற துண்டுத்தாளை நானே கிளினிக்கில் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று அவரிடம் சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. "நான் வாக்கு குடுத்துட்டேன்" என்றார்.

"யாருக்கு?"

"அதுக்கு. நான் உன்கூடவே இருக்கேன், என் மகள விட்டுருன்னு."

சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்தன்று எனக்குக் கொடுத்த வாக்கைக்கூட அந்த மனிதர் இவ்வளவு கவனமாகச் சொன்னதில்லை.

மகள் வீட்டுக்கு வந்தபின் அவர் வாசல் பக்கம் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தார், கெரிஸைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு எலுமிச்சை வெட்டுவார். அதைத் தேய்த்த கையால் மகளைத் தொட மாட்டார். அவள் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க மாட்டார். இது சரிப்படாது என்று ஒரு நாள் அவர் லாரியில் போயிருந்த நேரம் அந்தக் கெரிஸைச் சந்தைக்குப் போகிற பாசார் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தெங்கேராவில் எனக்குத் தெரிந்த ஒரு பழம்பொருள் கடை உண்டு. கடைக்காரர் சீனர். துணியைப் பிரித்தவர் ஓரத்தில் ஒட்டியிருந்த குங்குமத்தையும் எலுமிச்சைக் கறையையும் பார்த்தார். விரலால்கூடத் தொடவில்லை. "ஆன்ட்டி, இது ஆளு வெச்சி வளக்குற சாமான். நான் நம்புறது இல்ல லா. ஆனா எடுத்துட்டுப் போங்க" என்று பாதி மலாயிலும் பாதித் தமிழிலும் சொன்னார்.

அங்கிருந்து நேரே எங்கள் ஃபாதரிடம் போனேன். நான் திருமுழுக்குப் பெற்ற தேவாலயம் அது. ஃபாதர் பொறுமையாகக் கேட்டார், ஜெபம் பண்ணினார், தீர்த்தம் தெளித்தார். "இது வெறும் இரும்புதாம்மா. கர்த்தர மீறி இதுக்கு ஒரு சக்தியும் கெடையாது" என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வாசல் வரை கூடவே வந்தவர், "ஆனா வீட்டுக்குள்ள வெச்சிக்காதீங்க" என்றார். இந்த 'ஆனா'வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மூன்று மதத்துக்காரர்களும் நம்பவில்லை. ஒருவரும் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

திரும்பி வந்தபோது இவர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டார். "நீ தொட்டியா? கையால தொட்டியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். துணியோடுதான் எடுத்தேன் என்றேன். அவர் பையை வாங்கிக்கொண்டு, "இங்க இருந்தா நாளைக்கு நீயும் தொடுவ, பொண்ணும் தொடும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாள் இரண்டு சட்டை, கைலி, சவரப் பெட்டி, மஞ்சள் துணியில் சுற்றிய கெரிஸ் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்.

போன இடம் அவர் பிறந்த தோட்டம். ஜனங்கள் எல்லாம் பட்டணத்துக்குப் போய்விட்டதால் லயத்து வரிசை வீடுகள் பாதிக்கு மேல் காலி. ஒரு கோடியில் இந்தோனேசிய வேலையாட்கள் இருந்தார்கள். மறு கோடி வீட்டில் இவர் தங்கி, தோட்டத்துக்கு ஜாகாவாக, காவல் வேலை பார்த்தார். லாரியை விட்டுவிட்டார். நான் கத்தினேன், அழுதேன், என் அண்ணனை அனுப்பிப் பேச வைத்தேன். மனநல மருத்துவரிடம் வாருங்கள் என்று கெஞ்சினேன். வந்தார். என்னோடு பஸ்ஸில் வந்து, டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, மாத்திரை வாங்கிக்கொண்டு மறுபடி லயத்துக்குத்தான் போனார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார் என்றே நினைக்கிறேன். சொன்ன பேச்சு கேட்பவர்தான், இந்த ஒரு விஷயம் தவிர.

அதற்குப் பிறகு எங்கள் தாம்பத்தியம் செலண்டாரில் ஒரு சாப்பாட்டுக் கடை மேசையில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் பஸ்ஸில் போவேன். அவர் முன்னதாகவே வந்து, எனக்குப் பிடித்த மின்விசிறிக்குக் கீழுள்ள மேசையைப் பிடித்து வைத்திருப்பார். நான் கட்டிக்கொண்டுபோன மீன் குழம்பைக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் தட்டு கொடுத்துச் சாப்பிட விடுவார். வீட்டுக் குழாய் ஒழுகுவது, என் சர்க்கரை, மகளின் காலேஜ் எல்லாம் பேசுவோம். என் கையை மேசைக்கு அடியில் பிடித்துக்கொள்வார், அதுவும் வியாழன் போய் மூன்று நாள் ஆகிவிட்டதால் பரவாயில்லை என்று அவராக ஒரு கணக்கு வைத்துக்கொண்டு. எனக்குக் கோபம் கோபமாக வரும். பஸ் ஏறும்போது அழுகையாக வரும். வீட்டுக்கு வாங்க என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவேன். மழ வர்ற மாதிரி இருக்கு, நீ கெளம்பு என்பார்.

மகளுக்கு அவரை மன்னிக்க முடியவில்லை. "அப்பாவுக்கு வேற குடும்பம் இருக்குன்னு பேசிக்கிறாங்க ம்மா. அப்படி இருந்தாக்கூட எனக்குப் பரவால்ல. ஒரு கத்திக்காக நம்மள விட்டுட்டுப் போனாருன்னு நான் யாருகிட்ட சொல்றது?" என்பாள். கத்திக்காக இல்லை, உனக்காகத்தான் போனார் என்று சொல்ல வாய் வரும். சொன்னால் அவர் பயத்தை நானும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும்.

அவள் கல்யாணத்தை அலோர் காஜாவில் கோயில் மண்டபத்தில் வைத்தோம். அவர் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, முடி வெட்டி, மண்டபத்துக்கு எதிர்ப்புறம் மோட்டார் சைக்கிளோடு மர நிழலில் நின்றார். ரோட்டைத் தாண்டவில்லை. கன்னிகாதானம் என் அண்ணன்தான் செய்தார், தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிற என் அண்ணன், ஐயர் சொல்லச் சொல்லத் தட்டுத்தடுமாறி. தாலி கட்டி முடிந்ததும் மகள் மாலையோடு எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். எல்லாரும் பார்க்க, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். அவள் பாதி ரோடு வந்திருப்பாள். அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஒரு லாரி ஹாரன் அடித்தபடி நின்றது. மாப்பிள்ளை ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தார். அன்றைக்கு என் கணவரை நான் மனசாரத் திட்டினேன்.

ஒரு நாள் காலையில் நான் கிளினிக்கில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. லயத்து இந்தோனேசியர் ஒருவர். குழாயடிக்குப் போன மனிதர் அங்கேயே விழுந்து கிடக்கிறார் என்றார். மாரடைப்பு. இத்தனை காலம் கூப்பிட்டும் வராதவர் பெட்டியில் வந்தார். பெட்டியை நடுவீட்டில், ஆயுத பூஜைப் பலகை போடுகிற இடத்தில் வைத்தோம். மகள் அவர் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு விடவே இல்லை. உயிரோடு இருந்தபோது கொடுக்காத கை.

காரியம் முடிந்தபின் தோட்டத்திலிருந்து வீட்டைக் காலி பண்ணித் தரச் சொன்னார்கள். அவருடைய சொந்தக்காரர்கள் ஒருவரும் அந்த வாசற்படி மிதிக்கத் தயாராக இல்லை. நான் பகல் பஸ்ஸில் தனியாகப் போனேன். ஆவேசத்தோடுதான் போனேன். அந்த இரும்பைப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசிவிட்டு வருவது என்று முடிவு. வீடு பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஒரு பாய், ஒரு அடுப்பு. சுவர்ப் பலகையில் மஞ்சள் துணி, பக்கத்துத் தட்டில் காய்ந்த எலுமிச்சை மூடி. பாய்க்கு எதிர்ச் சுவரில் மகளின் கல்யாணப் படம், தினசரியிலிருந்து வெட்டிய சாமி படம், அவற்றுக்கு நடுவில் என் ஜெபமாலை ஒன்று. அது வீட்டிலிருந்து காணாமல் போனதாக நான் தேடிக்கொண்டிருந்தது.

பாலத்தில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர். பையின் வாயைப் பிரித்துக் கையை நீட்டவும் செய்தேன். தூக்கி எறிந்தால் ருசி பார்த்த இரத்தத்தைத் தேடிப் போகும் என்று பாக்சிக் சொன்னது காதில் கேட்டது. எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த இரத்தம் என் மகளுடையது. பந்தயம் கட்டுவதற்கு என்னிடம் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். பையைக் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

பின்கட்டில் சாமான் அறையில், அவருடைய ஸ்பேனர் பெட்டிக்கு மேல் வைத்தேன். "இந்தா பாரு, நான் உன்னைக் குளிப்பாட்டல. உனக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சும்மா கெட" என்று சொன்னேன். இரும்போடு பேச ஆரம்பித்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சில நாள் கழித்து அந்த அறைக்குள்ளிருந்து தகரத்தில் நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். எலி என்று பொறி வைத்தேன். எலி விழவில்லை, சத்தமும் நிற்கவில்லை. வியாழக்கிழமைகளில் கிளினிக்கிலிருந்து வந்து கதவைத் திறந்தால், யாரும் எலுமிச்சை வெட்டாத வீட்டில் எலுமிச்சை வாசம் அடித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விளக்கைப் போட்டேன். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட, அவர் இத்தனை வருஷம் இந்தச் சத்தத்தோடு தனியாக இருந்திருக்கிறார் என்ற நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஜொகூரில் இருக்கும் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. தலைப்பிரசவம், எங்கள் வழக்கப்படி தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். நான் அந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு கோத்துக்கொண்டேன். அதுவே போதும் என்று நினைத்தேன். பிறகு ஒரு மத்தியானம் மாப்பிள்ளை அழைத்தார். இரத்தப்போக்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, டாக்டர்கள் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. "நீங்க இருங்க அத்த, நான் மறுபடி கூப்புடுறேன்" என்றார். நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அது நினைவிருக்கிறது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, சாமான் அறைத் தரையில் நான் மண்டியிட்டிருந்ததும், என் கையில் பாதி எலுமிச்சம்பழம் இருந்ததும்தான். வாய் 'சேசுவே, சேசுவே' என்றது. கை அந்த வளைவுகளில் மேலும் கீழும் போய்வந்தது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர் செய்ததைப் பார்த்திருந்த கை அது.

சாயங்காலம் இரத்தம் நின்றுவிட்டது. ஓய்வெடுத்தால் போதும் என்றார்களாம். இப்படி நிற்பது சகஜம், எத்தனையோ பேருக்கு நின்றிருக்கிறது, எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன? தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். அடுத்த வியாழக்கிழமை குளித்துவிட்டு எலுமிச்சை வெட்டினேன். அறையில் சத்தம் நின்றது.

பிரசவத்துக்கு வருகிறேன் என்று மகள் அழைத்தாள். கூரை ஒழுகுகிறது என்றேன். அப்படியானால் நீங்கள் இங்கே வாருங்கள் என்றாள். முட்டி வலி, பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்றேன்.

"அம்மா, அது எங்க இருக்கு?"

"ஆத்துல போட்டாச்சு."

"அப்ப நான் வரேன்."

நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. மறுபடியும் கூரை ஒழுகுகிறது என்றேன்.

"நீங்களுமா ம்மா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆண் குழந்தை. மாமியார் வீட்டில் பத்தியம் பார்த்தார்கள். எனக்குத் தினமும் போனில் படம் வரும். காது அப்படியே அவருடைய காது. அந்தத் தலையை ஒரு தடவை முகர்ந்து பார்க்க மாட்டோமா என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் அண்ணன் வந்து காடியில் கூட்டிப்போகிறேன் என்றார். உடம்பு சரியில்லை என்று அனுப்பிவிட்டேன். மகளுக்கு அந்தப் பொய்கள் எல்லாம் பழசு, அவள் அப்பாவிடம் கேட்டவைதான்.

போன வாரம் ஒரு காலையில், சொல்லாமல் கொள்ளாமல் அவள் வந்துவிட்டாள். வெளியே காடி நிற்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளையோடு நின்றாள். பக்கத்து வீட்டில் இலை கூட்டிக்கொண்டிருந்த பாக்சிக் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உள்ளே போனார். நான் கேட் வரை போனேன். பூட்டைத் திறக்கவில்லை. பிள்ளை விழித்திருந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தான்.

"தூக்குங்க ம்மா" என்று அவள் அவனைக் கேட்டுக்கு மேலே தூக்கி என் பக்கமாக நீட்டினாள்.

முந்தின நாள் வியாழன். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்த வாசம் போகாது.

"கை ஈரமா இருக்கு. இரும்மா, தொடச்சிட்டு வரேன்" என்றேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அவள் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை அழுதான். அப்புறம் அவன் அழுகையும் காடிக்குள் போனது. காடி தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்கிறவரை, காய்ந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கதவுக்குப் பின்னால் நின்றேன்.